வெற்றுப் பொட்டலம்

வால்டிவியாவில் ஜூன் மாதம் மழை பெய்வதில்லை,
குடியிருக்கிறது.
மீன் சந்தைக்குப் பின்னால் ஆற்றங்கரையில்
கடல்சிங்கங்கள் ஒன்றையொன்று அதட்டுவது
எங்கள் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்கும்.
அங்கேதான் வைத்திருந்தோம் அந்தப் பலகையை.
உள்ளங்கை அகலம். நடுவில்
எந்த நிரலும் இன்னும்
பேசிப் பார்த்திராத ஒரு சில்லு.

கம்பைலரைக் கட்டக் கம்பைலர் வேண்டும்.
அதற்கு நூலகம் வேண்டும்,
நூலகத்தைக் கட்டவும் கம்பைலர் வேண்டும்.
பால் உறைய மோர் ஊற்றுகிறோம்;
முதல் மோர் எந்த வீட்டிலிருந்து வந்ததென்று
யாரும் கேட்பதில்லை.
நாங்களும் கடன்தான் வாங்கினோம்.
மில்லராயின் பழைய மடிக்கணினி
தனக்கே புரியாத மொழியில்
இரவெல்லாம் எழுதித் தள்ளியது.

பதினெட்டாம் நாள் சீரியல் கம்பி வழியே
ஓர் எழுத்து வந்தது.
அதோடு நின்றுவிட்டது.
மில்லராய் அதைப் படம் பிடித்து
தெமுகோவிலிருக்கும் அக்காவுக்கு அனுப்பினாள்.
அக்கா கேட்டாள்: மீதி எங்கே?

மீதி
பதினோராயிரம் பொதிகளாக வரிசையில் நின்றது,
ஒவ்வொன்றும் இன்னொன்றின் சட்டையைப் பிடித்தபடி.
விளக்கவுரை அச்சிடும் கருவிக்குப் பைத்தான் வேண்டும்,
பைத்தான் பொதிக்கு அதன் விளக்கவுரை வேண்டும்,
விளக்கவுரைக்கு,
ஆம், அதேதான்.
வெண்பலகையில் அம்புக்குறிகள் போட்டுக்கொண்டே போனாள்.
மாலைக்குள் வலை தயார்,
சிலந்தியைத்தான் காணோம்.

அப்போது விஸ்னெர் விறகோடு வந்தான்.
ஹெய்ட்டியில் கொனாயீவ் பக்கம்.
கீழ்த்தளத்து பேக்கரிக்குக் கட்டை சுமப்பவன்;
போகிற போக்கில் எங்கள் அடுப்புக்கும் இரண்டு.
பலகையைப் பார்த்துவிட்டு
"இதை எனக்குத் தெரியும்" என்றான்.
ஒப்பந்தம் இருந்தால்தான் விசா,
விசா இருந்தால்தான் ஒப்பந்தம்.
மூன்று வருஷம், நான்கு ஜன்னல்கள்,
ஒவ்வொரு ஜன்னலும் அடுத்ததைக் கைகாட்டும்.
நான் சிரிக்கவில்லை.
கொஞ்சம் சிரித்தேன், பொய் எதற்கு.

சுழலை அறுக்க ஒரு வழி உண்டு.
முழுப் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை:
ஒரு பெயர், ஒரு பதிப்பு எண்,
உள்ளே ஒன்றுமே இல்லாத பொட்டலம்.
'இருக்கிறேன்' என்று மட்டும் சொல்லும்.
அந்தச் சொல்லை நம்பி மற்றவை எழும்,
எழுந்தவை திரும்பிவந்து
அதற்குள் பொருளை நிரப்பும்.
சோதனைகளை அணைத்தோம். விளக்கவுரைகளை வெட்டினோம்.
ஆவணமில்லாமலே பிறக்கட்டும் என்றோம்,
சொன்ன பிறகு
அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

இந்தச் சில்லில் எழுத்துக்குக் கழித்தல் குறி கிடையாது.
முடிந்தது என்பதற்கான மைனஸ் ஒன்றை
இருநூற்று ஐம்பத்தைந்து என்று படித்து
முடிவே தெரியாமல் ஓடியது ஒரு குட்டி நிரல்,
பதினாறு மணி நேரம்.
சில்லின்மேல் பழி போட்டேன்.
தவறு எங்கள் பழக்கத்தில்.

மில்லராய் ஒருநாள் கீழே இறங்கிப் போனாள்,
கையில் ஒரு தாள்.
'விசா கிடைக்கும் நாள் முதல் செல்லும்' என்று
ஒற்றை வரி ஒப்பந்தம்.
பேக்கரிக்காரி ஓட்டிலியா கேட்டாள்: இதற்குள் என்ன இருக்கிறது?
இப்போதைக்கு ஒன்றுமில்லை.
அவள் முன்றானைத் துணியில் கை துடைத்துக் கையெழுத்திட்டாள்.
ஓரத்தில் மாவுக் கட்டைவிரல்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி
பலகை தன் கம்பைலரால் தன்னையே மறுபடி கட்டி முடித்தது.
கடன் வாங்கியதையெல்லாம் அழித்தோம்.
கடிகார பேட்டரி இல்லாத பலகை அது;
திரையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று.
நாங்கள் யாருமே பிறந்திராத காலை.
ஓட்டிலியா மட்டும் பிறந்திருந்தாள்.

வெண்பலகையில் இன்னும் நிரப்பாத பொட்டலங்கள்
நாற்பத்துமூன்று.
நாற்பத்துநான்காவதாக ஒரு பெயர்
மில்லராயின் கையெழுத்தில்.
நான்காம் ஜன்னல் கொடுத்த ரசீது
அவன் சட்டைப்பையில் நனைந்து காய்ந்திருக்கிறது;
முத்திரையில் மாதம் தெரிகிறது, நாள் தெரியவில்லை.

இன்று விறகு ஈரம். அடுப்பு புகைகிறது.
இருமிக்கொண்டே விஸ்னெர்
எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கிறான்.